எட்டாயிரம் கொடுத்தவன்

ஏப்ரல் 23, செவ்வாய்

விடியுமுன்னே போன் துடித்தது. மைதானத்தில் நாற்காலி போடும் வேலை, ஆறரைக்கு வர முடியுமா என்று. வருகிறேன் என்று அடித்துவிட்டு அப்புறம்தான் கண்ணைத் திறந்தேன். யோசிக்கிற ஆளுக்கு இந்த வேலை கிடைக்காது. யோசித்து முடிப்பதற்குள் இன்னொருத்தன் பூட்ஸ் மாட்டியிருப்பான்.

வியாழக்கிழமை போர்வீரர் நினைவு நாள். விடியற்காலைக் கூட்டத்துக்கு ஊரே வந்து உட்காரும். ஐயாயிரம் நாற்காலி போட்டோம். (திரேசா கேட்டால் மூவாயிரம் என்பேன். அவள் என் மனைவி, பாதியைத்தான் நம்புவாள்.) மேயருக்கு வைத்த நாற்காலியும் நான் போட்டதுதான். கால் ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை. கொஞ்ச நேரம் ஆக்லாந்துக்கு நானே மேயர்.

கூட வேலை செய்த கலாஃபி, தோங்காத் தீவுக்காரன், நல்ல பையன் — நாற்பத்தைந்து வயசு — எழுந்திரு அண்ணே, சூப்பர்வைசர் பார்க்கிறான் என்றான். பார்க்கட்டும். இறைச்சிக் கம்பெனியில் எலும்பு பிரிக்கும் கூடத்துக்கே ராஜாவாக இருந்தவன் நான். முப்பத்தொரு வருஷம் நான் தூக்கிய ஆட்டுத்தொடைகளை வரிசையாக வைத்தால் இங்கிருந்து சமோவா வரைக்கும் கால் நனையாமல் நடக்கலாம். கம்பெனியை மூடினார்கள். அது என் குற்றமா?

இப்போது ஆள் அனுப்பும் கம்பெனிகள் மூன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரம் நாலு நாள் கூப்பிடுவார்கள், ஒரு வாரம் ஒரு நாள், ஒரு வாரம் மறந்தே போவார்கள். வாராவாரம் உதவித்தொகை அலுவலகத்துக்கு எவ்வளவு சம்பாதித்தேன் என்று சொல்லிவிட வேண்டும். வேலை இருந்தால் தொகை குறையும், இல்லாவிட்டால் கூடும். இரண்டும் சேர்ந்தால்தான் வாடகை. வெட்கமா? எதற்கு வெட்கம்? முப்பத்தொரு வருஷம் வரி கட்டியிருக்கிறேன். இந்த ஊர் ரோட்டில் பாதி என் காசு. அதில்தான் எல்லாரும் கார் ஓட்டுகிறார்கள், ஒருத்தனும் நன்றி சொன்னதில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

போன் துடிக்கவில்லை. நானும் அதைப் பார்க்கவே இல்லை. எத்தனை முறை பார்க்காமல் இருந்தேன் என்று திரேசா எண்ணிக்கொண்டிருந்தாள்.

மே 8, புதன்

வெங்காயக் கொட்டகையில் ஒரே ஒரு நாள் வேலை கிடைத்தது. மழை, குளிர். வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து நாய்கூட ஒதுங்கியது.

சாயங்காலம் குடும்பம் கூடியது. சர்ச்சில் மே மாதக் காணிக்கை வருகிறதே. வழக்கம்போல ஆளாளுக்குச் சம்பளம் வரும் நாளில் என் கணக்கில் போட்டுவிடுவார்கள், நான் மொத்தமாக எடுத்துச் சபையில் வைப்பேன். குடும்பப் பட்டம் என்னிடம் இருக்கிறது, சமோவா வழக்கப்படி குடும்பத்துக்குத் தலைவன் நான். பட்டம் யாரிடமோ பெயரும் அவனுடையதுதான். மேடையில் படிக்கும்போது யார் எவ்வளவு போட்டார் என்று பிரித்துப் படிப்பதில்லை. பட்டக்காரன் பெயரைச் சொல்வார்கள், தொகையைச் சொல்வார்கள், குடும்பமே நிமிர்ந்து உட்காரும். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான்.

தங்கை சலோட்டே இந்த முறை தன் பங்கு கொஞ்சம் அதிகம் என்றாள். ஆஸ்பத்திரியில் கூடுதல் ஷிஃப்ட் கிடைத்ததாம். அவள் மகன் ஈலியா, சிட்னியில் இருக்கும் தம்பி பிள்ளைகள், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். என் பங்கும் உண்டு. அது எவ்வளவு என்று இந்தக் குறிப்பில் எழுத வேண்டிய அவசியமில்லை.

மே 19, ஞாயிறு

இந்த நாளை எழுதாவிட்டால் கை அழுகிவிடும்.

வெள்ளைக் கோட்டு, வெள்ளை வேட்டி. பெயர் படித்தவன் அபேராமோ — என் பெரியப்பா மகன், சபை மூப்பன். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன், அதை ஐம்பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தன் பெயரை முதலில் படித்தான்: ஏழாயிரம். கைதட்டல். தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்றிப் பார்த்தான், மயில் மாதிரி. அடுத்து என் பெயர். படிக்கிறவன் ஒரு மூச்சு நிறுத்தினான் பாருங்கள் — அந்த ஒரு மூச்சுக்காகத்தான் மனிதன் வாழ்கிறான்.

"மசேலினோ. எட்டாயிரத்து இருநூற்று நாற்பது."

கூரை பறந்தது. போதகரின் மனைவி அழுதார் என்று கேள்வி. திரேசா அது சளி என்கிறாள்.

சலோட்டே எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். எனக்குக் கேட்டது.

மே 24, வெள்ளி

அலுவலகத்தில் இருந்து செய்தி. நான் வாராவாரம் சொல்லும் சம்பளம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி இருக்கிறதாம், சரிபார்க்க வேண்டுமாம், மூன்று மாத பேங்க் கணக்கு அனுப்பச் சொன்னார்கள். ஏறி இறங்காமல் என்ன செய்யும்? வேலை அப்படி. ஈலியாவை விட்டு உடனே அனுப்பச் சொன்னேன். என்னைப் போல ஒளிவுமறைவு இல்லாத மனிதனை அந்த அலுவலகம் பார்த்திருக்காது. பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

இந்த வாரத் தொகை வரவில்லை.

கோழி வெட்டும் கம்பெனியில் இன்று ஷிஃப்ட். சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்கு போன் போட்டேன். காது வலிக்கும் வரைக்கும் பாட்டு வைத்தார்கள். காதில் வைத்துக் கை மரத்துப்போனதால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். சுற்றிலும் கலாஃபி, நம் ஆட்கள் ஒரு டஜன் பேர், எல்லாரும் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது பார்த்து எடுத்தாள். ப்ரூக் என்று பெயர், சின்னப் பெண் குரல்.

மரியாதையாகத்தான் பேசினாள். என் கணக்கில் மே மாதம் கண்டபடி பணம் வந்திருக்கிறதாம். ஒரு நாள் இருநூறு, ஒரு நாள் ஐந்நூறு, எல்லாம் வேறு வேறு நாள். என் கூலியும் அப்படியே வேறு வேறு நாளில் வேறு வேறு இடத்தில் இருந்து வருகிறது. எது கூலி, எது கூலி இல்லை என்று அவளால் பிரிக்க முடியவில்லையாம். எல்லாம் சொல்லாமல் விட்ட சம்பளமோ என்று சந்தேகம். நான் சிரித்தேன். அது சபைக்குக் கொடுத்த காணிக்கை, மறு வாரமே வெளியே போய்விட்டதே பார் என்றேன். பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த எட்டாயிரத்தையும் குடுத்தது நீங்களா? உங்க பணமா அது?"

நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. ஒரு டஜன் பேர் என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லையம்மா, என்னுடையது இல்லை, என் தங்கை தரை துடைத்த காசு, என் பெயரைச் சும்மா ஒட்டிவைத்தார்கள் என்றா? பட்டம் வைத்திருப்பவன் அப்படிச் சொல்வானா? எங்கள் வீட்டில் குடும்பம் கொடுத்தால் நான் கொடுத்தேன் என்றுதான் அர்த்தம். அது பொய் இல்லை. எந்தச் சமோவாக்காரனிடமும் கேளுங்கள்.

"ஆமா, நான்தான் குடுத்தேன். எல்லாம் என்னுதுதான்" என்றேன்.

அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கலாஃபி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஜூன் 6, வியாழன்

நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஒரு காசு கிடையாது. ஜூலை ஒன்பதாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தட்டும். யார் பயந்தது?

திரேசாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை.

"கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்கும் மேடை போட்டுட்டியா?"

ஜூன் 11, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஜூலை முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் வாடகை நேராகாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். வேறு ஆள் வந்தால் நாங்கள் எங்கே போவது? சலோட்டே வீட்டு கராஜ்தான். ஏற்கெனவே ஒரு மெத்தை கிடக்கிறது அங்கே. குடும்பப் பட்டத்தைத் தாங்குகிறவன் தங்கச்சியின் புல்வெட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பதா. செத்தாலும் மாட்டேன்.

மூன்று கம்பெனிக்கும் போன் போட்டு, எந்த வேலையானாலும் கொடு என்றேன். குளிர்காலத்தில் ஆள் குறைப்பார்களாம். ஒருத்தன் வெங்காயக் கொட்டகைக்கு வரச் சொன்னான். அங்கே போய் இறங்கியதும் இன்றைக்கு வேண்டாம் என்று செய்தி. பெட்ரோல் யார் தருவது? கேட்டேன். சிரித்தான். நானும் சிரித்தேன், அவனைவிடச் சத்தமாக.

ஜூன் 14, வெள்ளி

கலாஃபி சுலபமாக ஒரு வழி சொன்னான். பணம் போட்ட ஒவ்வொருத்தரிடமும் போய், இது என் பணம், காணிக்கைக்குக் கொடுத்தேன் என்று எழுதி வாங்கு, முடிந்தது என்றான். அவன் பட்டக்காரன் இல்லை, அவனுக்குச் சுலபம். மருமகன்கள் வாசலில் போய் நின்று, "தம்பி, நான் கொடுத்ததாகப் படித்தார்களே, அது நான் கொடுக்கவில்லை என்று கொஞ்சம் எழுதிக் கொடு" என்று கேட்பதா? கேட்க மாட்டேன். கடலில் குதிக்கச் சொல், குதிக்கிறேன். (நீச்சலில் ஒரு காலத்தில் என்னை யாரும் தொட முடியாது. சுறாவே வழிவிட்டிருக்கிறது.)

ஜூன் 16, ஞாயிறு

கோழிக் கம்பெனியில் நூடுல்ஸ் தின்ற டஜன் பேரில் ஒருத்தன் அபேராமோவின் மச்சான். ஆகவே விஷயம் சபைக்கு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அபேராமோ பக்கத்தில் வந்தான். கையில் கேக்.

"உதவித்தொகை நின்னுடுச்சாமே. எட்டாயிரம் குடுக்குற கைக்கு அதெல்லாம் எதுக்குப்பா?"

"உன் ஏழாயிரத்தைவிடப் பெரிசா குடுத்ததுல இன்னும் புண் ஆறலையா உனக்கு" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான்தான் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. டின் மாட்டிறைச்சி சரியில்லை, வேறொன்றுமில்லை.

ஜூன் 22, சனி

திரேசா எனக்குச் சொல்லாமல் சலோட்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் சலோட்டே வந்தாள். இரவு ஷிஃப்டுக்குப் போகிற உடையில், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. உட்காரவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். இந்த அரசாங்கத்துக்கு நம் வழக்கம் புரியாது, நான் தலை குனிய மாட்டேன், கோர்ட்டு வரைக்கும் போவேன் என்று. நல்லாத்தான் பேசினேன். முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சபையில உன் பேரப் படிச்சாங்க, நான் கை தட்டினேன். அது நம்ம வழக்கம். என் பேரு வேணும்னு நான் என்னைக்காவது கேட்டேனாண்ணே?"

இல்லை என்றேன்.

"அந்தப் பொண்ணு வழக்கத்தக் கேக்கல. காசு யாரு சம்பாதிச்சான்னு கேட்டா. வாந்தி தொடச்சது நான். அங்கயும் நான் இல்லாம போயிட்டேனா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று திரேசா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மிகைப்படுத்துகிறாள். அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

ஜூன் 23, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. சும்மாதான்.

என்னடா மசேலினோ, நீ சொன்னது சரியா தப்பா? சரிதான். சபையில் சரி. போனில்? — போனிலும் நான்தானே பேசினேன். சலோட்டே இல்லையே. அதுதான் அவள் கேட்டது.

ஜூன் 30, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். வாசல் வாசலாகப் போய்க் கையெழுத்துப் பிச்சை எடுக்க மாட்டேன். ஆனால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் போவேன். ஒளிந்து இல்லை, வெள்ளை உடுத்தி, காணிக்கைக்குப் போவது மாதிரி, பெயர்களைப் படித்து. சந்தேகப்பட்டவர்கள் கண்ணால் பார்க்கட்டும் எங்கள் வீட்டுப் பணத்துக்கு எத்தனை முகம் என்று.

போன் போட்டுச் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். சலோட்டே மட்டும், "படிக்கப் போறது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று கோழிக் கம்பெனி ஷிஃப்ட் கொடுத்தது. பல வாரத்தில் முதல் முறையாக முழு நாள். வரமாட்டேன் என்று அடித்தேன்.

சபை வேனில் போனோம். அலுவலக வாசலில் காவல் நிற்பவன் நம் ஊர் ஆள். சந்திப்பு உள்ளவர் மட்டும்தான் உள்ளே போகலாம், பெயர் என்ன என்றான். சொன்னேன். கூட இருப்பவர்கள்? "எல்லாருக்கும் அதே பேருதான்" என்றேன். வெள்ளை உடுப்பைப் பார்த்தான், பெரியவர்களைப் பார்த்தான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

ப்ரூக்கின் மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. ஐயாயிரம் நாற்காலி போட்டவனுக்கு ஒரு நாற்காலி. அதில் சலோட்டேயை உட்கார வைத்தேன். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள்.

ப்ரூக் மிரண்டுபோனாள், பாவம். நேரில் இன்னும் சின்னவளாக இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. இத்தனை பேர் வரத் தேவையில்லை, என்னோடு பேசினால் போதும் என்றாள்.

"என்னோட பேசித்தாம்மா இந்த நிலைமை" என்றேன். "நான் படிக்கிறேன். நீ திரையில பாத்துக்கிட்டே வா."

நின்றுகொண்டு படித்தேன். கையில் காகிதம் இல்லை, அபேராமோவுக்குத்தான் காகிதம் வேண்டும். சலோட்டே, ஆஸ்பத்திரியில் இரவுத் துப்புரவு, ஆயிரத்து நானூறு என்றேன். சலோட்டே "என்னுது" என்றாள். ப்ரூக் திரையில் விரல் வைத்துத் தேடினாள், இரண்டு தவணையாக வந்திருப்பதைப் பார்த்தாள், தலையாட்டினாள். ஈலியா, லாரியில் சரக்கேற்றுகிறவன். "என்னுது." அவன் மனைவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை. "என்னுது." சிட்னிக்காரர்கள் போனில் இருந்தார்கள். அங்கிருந்தும் "என்னுது, என்னுது" என்று வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு கிழவர் யாரோ கடைசிப் பெயருக்குக் கைதட்டினார்.

முடிந்தது என்று நினைத்தேன்.

ப்ரூக் கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் கூட்டினாள். "உள்ள வந்தது எல்லாம் சரியா இருக்கு. ஆனா சபைக்குப் போனது இதவிட நாப்பது டாலர் அதிகம். அந்த நாப்பது யாரோடது?"

ஈலியா தரையைப் பார்த்தான். பதினைந்து வருஷமாகப் பட்டம் வைத்திருக்கிறேன். என் பங்கு எவ்வளவு என்று வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. நானாக அவ்வப்போது பாதிக்கு மேல் என்பது மாதிரி ஒரு பேச்சை விட்டிருக்கலாம். காற்று வாக்கில்.

"அதும்மா," என்றேன், "அது என்னுது."

தட்டினாள். "இது உங்க கூலிலருந்து வந்ததா?"

"ஆமா. வெங்காயம். முன்னாடியே சொல்லியிருக்கேன் பாரு, மே முதல் ரெண்டு வாரத்துல."

பார்த்தாள். இருந்தது. இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அந்த ஒரு நாள் கூலிதான் இருந்தது. ப்ரூக் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி மோட்டார்வேயை ஆராய்ந்தேன். சலோட்டே பின்னால் இருந்து என் தோளில் தட்டினாள்.

"நாப்பதா? அந்த வாரமா? வீட்டுல என்னத்தண்ணே தின்னீங்க?"

"விருந்து" என்றேன்.

"வெங்காயம்" என்றாள் திரேசா.

யாரோ சிரித்தார்கள், அப்புறம் வேன் முழுக்க. நானும்.

ஜூலை 22, திங்கள்

வந்துவிட்டது. விட்டுப்போன வாரங்களும் சேர்த்து. ப்ரூக் போன் செய்து, அடுத்த மே மாதம் காணிக்கைக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள், குழப்பம் வராது என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன். வீட்டுக்காரருக்குக் கையோடு கொடுத்துவிட்டேன். அந்த கராஜ் மெத்தையில் சலோட்டேயின் நாய் படுத்துக்கொள்ளட்டும், அதற்குத் தகுதி உண்டு.

ஜூலை 30, செவ்வாய்

போன் துடித்தது. மைதானம், நாற்காலி. ஆறாயிரம் போட்டேன். திரேசாவுக்கும் ஆறாயிரம் என்றே சொன்னேன். என்ன செய்துவிடுவாள்?

அலுவலகத்துக்கு நாலரை மணி நேரக் கூலி என்றுதான் சொன்னேன். அங்கே அதுதான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சபைச் சமையல்கூடத்துக் கூரைக்குக் காணிக்கை.

புதன்கிழமையே அபேராமோவிடம் போய்ச் சொல்லியிருந்தேன்: எங்கள் குடும்பத்தை ஒவ்வொரு பெயராகப் படி. வழக்கமில்லை என்றான். பட்டக்காரன் நான், என் வீட்டுப் பெயர்களை எப்படிப் படிப்பது என்று நான்தான் சொல்வேன் என்றேன். பொழுது சாய்ந்துவிடும் என்றான். சாயட்டும் என்றேன். கூட இருந்த போதகர் அவனைப் பார்த்தார். அதோடு அடங்கினான்.

இன்று படித்தான். சலோட்டே பெயரைப் படித்தபோது அவளுக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று தெரியவில்லை, ஈலியா முழங்கையால் இடித்தான். ஐம்பத்து நாலு வயசில் முதல் முறையாகத் தன் பெயரை மேடையில் கேட்கிறாள். ஆஸ்பத்திரி அட்டையைக் கழற்ற மறந்திருந்தாள். நின்றாள். நான் கைதட்டியதில் கூரையில் தொங்கும் சர விளக்கே ஆடியது. இதில் மிகை இல்லை.

கடைசியில் என் பெயர். இரண்டு வாரமாக ஷிஃப்ட் இல்லை. அபேராமோ காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனான், கூட்டத்தைப் பார்த்தான், மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி —

"மசேலினோ. இருபத்தைந்து."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் எழுந்தேன். கோட்டுப் பொத்தானைப் போட்டேன்.

"பின்னாடி கேட்டிருக்காது அபேராமோ," என்றேன். "இன்னொரு தடவ படி."